சம்பளம் என்னும் சொல்: உப்பா, கட்டுச்சோறா?

சென்ற ஆண்டு எமது சங்கத்தின் வாணி விழாவிலே நிகழ்ந்த ஒரு சிறு சம்பவமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. விழாவின் இறுதி நாளன்று உரையாற்றிய பெரியவர் ஒருவர், மன்னார் மண்ணின் பெருமையை எடுத்துரைத்து வருகையில், "சம்பளம் என்ற சொல்லே எங்கள் ஊரிலேதான் பிறந்திருக்க வேண்டும். சம்பாவும் அளமும் சேர்ந்ததுதான் சம்பளம். கட்டுக்கரைக் குளத்துச் சம்பா ஒரு பக்கம், எங்கள் உப்பளம் மறுபக்கம். வேறெங்கே இரண்டும் இப்படி அருகருகே உண்டு?" என்றார். மண்டபம் அதிரக் கைதட்டினோம். நாமும் தட்டினோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

எமக்கு அக்கூற்று அன்று மிகவும் இனித்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. நாம் பயின்ற மிஷன் பாடசாலையில், ஆங்கில பாட வேளையில், 'சலரி' என்ற ஆங்கிலச் சொல் 'சலாரியும்' என்ற லத்தீன் சொல்லினின்று வந்தது, அது உப்பைக் குறிக்கும் 'சால்' என்பதன் வழி, உரோமப் போர்வீரர்கள் உப்பையே சம்பளமாகப் பெற்றனர் என்று எமக்குப் படிப்பித்தார்கள். உரோமனுக்கும் உப்பு, தமிழனுக்கும் உப்பு! இரண்டு நாகரிகங்கள் ஒரே உப்பளத்தில் கைகுலுக்கிக் கொண்டதுபோல எமக்குத் தோன்றிற்று. சர்வகலாசாலை விடுமுறை முடிந்து திரும்பியதும், இவ்விரண்டையும் இணைத்து இம்மலருக்கு ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்று நூலகத்தில் உட்கார்ந்தோம். உட்கார்ந்த பின்னர்தான் தொல்லை தொடங்கிற்று.

முதலில் பெரியவரின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுவோம், அது இலேசானதன்று. நெல்லும் உப்பும் நாணயத்தின் வேலையைச் செய்த காலம் ஒன்று இருந்தது. நெய்தல் நிலத்துப் பெண் தெருவிலே உப்பு விற்கும் காட்சி அகநானூற்றில் வருகிறது. அவள் காசு கேட்பதில்லை. நெல்லுக்கு நேர் உப்பு என்று, அளவுக்கு அளவு மாற்றுவதாகக் கூவுகிறாள். உப்பை விற்று அதற்கு நெல்லை ஏற்றி வந்த படகுகளைப் பட்டினப்பாலை பேசுகிறது. உப்பு வண்டிகளோடு குடும்பம் குடும்பமாக உள்நாட்டுக்குப் பயணஞ் செய்த உமணரைச் சங்க நூல்கள் பலவிடத்தும் காட்டும். ஆகவே உழைத்தவனுக்கு நெல்லும் உப்பும் கொடுத்தார்கள் என்பதில் நம்ப முடியாதது எதுவுமில்லை. உப்பு உறவின் அடையாளம் என்பதும் உலகெங்கும் உள்ளதே. விவிலியத்தில் எஸ்றா ஆகமத்தின் நான்காம் அதிகாரத்திலே, பாரசீக அரசனுக்கு விண்ணப்பம் எழுதும் அதிகாரிகள், தாம் அரண்மனை உப்பைத் தின்றவர்களாதலால் அரசனுக்கு நேரும் அவமதிப்பைப் பார்த்திருத்தல் தகாது என்கிறார்கள். வேத பாட வேளையில் பின் வாங்கில் இருந்தபோது எம் செவியில் விழுந்து நிலைத்த செய்தி இது. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று எம் பாட்டிமார் சொன்னதும் இதுவன்றோ?

ஆனால், ஒரு வழக்கம் இருந்தது என்பது வேறு, அவ்வழக்கத்தினின்று இன்ன சொல் பிறந்தது என்பது வேறு. இவ்வேறுபாட்டை நாம் மறந்துவிட்டோம்.

உரோமரின் உப்பை முதலில் கரைத்துப் பார்த்தோம். உப்பையும் 'சலாரியும்' என்ற சொல்லையும் இணைத்துப் பேசியவர் முதலாம் நூற்றாண்டினரான மூத்த பிளினி. தமது 'இயற்கை வரலாறு' என்னும் நூலின் 31ஆம் பகுதியில், உப்பின் சிறப்பைச் சொல்லிவருமிடத்து, பதவிகளுக்கும் படைப்பணிக்கும் அளிக்கப்படும் பொருளுக்கு உப்பின் பேரால் அப்பெயர் வந்தது என்கிறார். உப்பையே அளந்து கொடுத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. உப்பு வாங்கக் கொடுத்த காசா, உப்பைப்போல் இன்றியமையாதது என்ற கருத்தா, என்பதும் அவ்விடத்தில் தெளிவாக இல்லை. போர்வீரனுடைய வழமையான சம்பளத்திற்கு லத்தீனில் வேறு பெயரே இருந்தது: 'ஸ்திபெந்தியும்'. அச்சொல்லின் பிற்பாதி நிறுத்துக் கொடுத்தலைக் குறிக்கும். அகுஸ்துஸ் காலத்தில் ஒரு காலாள் ஆண்டொன்றுக்கு 225 தெனாரி வெள்ளிக்காசு, மூன்று தவணையாகப் பெற்றான். உப்புச் சாக்கைத் தோளில் சுமந்து வீடு திரும்பிய உரோம வீரன் பிற்காலத்தவரின் கற்பனைப் புதல்வன். (இதே பிளினிதான் எங்கள் தீவிலிருந்து கிளாடியஸ் சக்கரவர்த்தியிடம் சென்ற தூதுவரைப்பற்றியும் எழுதியவர். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒருவனின் ஆள் காற்றில் அடிபட்டு இங்கே வந்து சேர்ந்ததே அத்தூதுக்குக் காரணம் என்கிறார். ஆகவே எமக்கு அவர்மீது கோபமில்லை.)

இனி எங்கள் சம்பா. 'சம்பா' என்பதோடு 'அளம்' சேருமாயின், ஆகாரத்தின் பின் வகர உடம்படுமெய் தோன்றிச் 'சம்பாவளம்' என்றாதல் வேண்டும். இதற்கு விடையாகச் 'சம்பு' என்பதே நெல்லின் பெயர் என்பாருண்டு. ஆனால் சம்பு என்றால் எமக்குத் தெரிந்தது நீர்க்கரையில் வளரும் கோரைப்புல். அளம் என்பதோ உப்பு விளையும் பாத்தி, களம். உப்பளம் என்று நாம் சொல்வதே அதற்குச் சான்று. உப்பைக் கொடுப்பவன் அளத்தைக் கொடுத்துவிடுவதில்லை. இலக்கண நியாயத்தை ஒருவாறு சமாளித்தாலும், அயல்மொழிகள் வழிமறிக்கின்றன. மலையாளத்தில் சம்பளம் உண்டு, கன்னடத்தில் உண்டு, தெலுங்கில் உண்டு. இந்தியிலும் வங்காளத்திலும் 'சம்பல்' என்ற சொல் உண்டு. அங்கே அதற்குப் பொருள் மாத வருமானம் அன்று. கைப்பொருள், ஆதாரம், வழிக்குத் துணையாக உள்ளது என்பதே. வடமொழியில் 'சம்பலம்' என்றால் நேராகவே வழிப்பயணத்துக்கு எடுத்துச் செல்லும் உணவு. பாளி மொழியிலும் அவ்வாறே. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிக்கன் எங்கள் சம்பளத்தை இச்சொல்லோடுதான் உறவுபடுத்துகின்றது.

சம்பளம் என்பதன் பழம்பொருள், சுருங்கச் சொன்னால், கட்டுச்சோறு.

இதைக் கண்டபோது எமக்கு முதலில் ஏமாற்றமே உண்டாயிற்று. உப்பளமும் போயிற்று, சம்பாவும் போயிற்று. சொல்லே வடநாட்டுக்குப் போய்விட்டதே என்று நொந்தோம். வடமொழிக்குத்தான் அச்சொல் எங்கிருந்து வந்தது, தெற்கிலிருந்து போயிருக்கலாகாதா என்று கேட்போரும் உளர். அவ்வழக்கைத் தீர்க்கும் புலமை எம்போன்ற மாணாக்கருக்கு இல்லை. எமக்கு வேண்டியது பொருள் மட்டுமே. ஒருவனை ஒரு வேலையாகத் தொலைவுக்கு அனுப்புகிறோம். வழியில் அவன் உண்ணவேண்டும். அதற்குச் சோற்றையோ, சோற்றுக்குரிய காசையோ கொடுக்கிறோம். போகப்போக, வழியில்லாத நாளிலும் அக்காசு தொடர்ந்து வருகிறது. இப்படித்தான் வழிச்சோறு மாதச் சம்பளமாயிற்று என்று கொள்வதில் யாதொரு இடர்ப்பாடும் இல்லை.

கட்டுச்சோறு என்றவுடன் சைவராகிய எமக்கு நினைவு வருவது எம்பெருமான் செய்த தொண்டு. திருக்குருகாவூருக்குப் போகும் வழியில் பசியாலும் தாகத்தாலும் வாடிய சுந்தரமூர்த்தி நாயனாருக்காகப் பந்தர் அமைத்துக் காத்திருந்து, தண்ணீரும் பொதிசோறும் ஈந்தவர் சிவபெருமானே என்று பெரியபுராணம் கூறும். திருப்பைஞ்ஞீலி வழியில் அப்பர் சுவாமிகளுக்கும் அவ்வாறே பொதிசோறு கிடைத்தது. எங்கள் திருக்கேதீச்சரத்தைப் பாடியருளிய இருவரில் சுந்தரர் ஒருவர். மற்றவர் திருஞானசம்பந்தர். அவருக்கும் ஆண்டவன் ஒன்று கொடுத்தான். அது சோறன்று, ஒழுங்காக நாள்தோறும் வைத்த காசு. அதன் பெயர் படிக்காசு.

இவ்விடத்தில் சற்று நிற்க விரும்புகின்றோம். நாட்டில் பஞ்சம் வந்தபோது சம்பந்தரும் அப்பரும் திருவீழிமிழலையில் தத்தம் மடங்களில் அடியாரோடு தங்கியிருந்தனர். அடியார் பசியாறும் பொருட்டு இறைவன் கோயிலின் கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு பீடங்களில் இருவருக்கும் ஒவ்வொரு பொற்காசு நாள்தோறும் வைத்தருளினான். பீடத்துப் படியில் வைத்தமையால் படிக்காசு என்பாரும், நாட்படியாக வைத்தமையால் என்பாரும் உளர். அப்பர் மடத்தில் காலாகாலத்தில் அமுது ஆகிவிடும். சம்பந்தர் மடத்திலோ தாமதம். காரணம் விசாரித்தால், பிள்ளையாருக்குக் கிடைத்த காசில் வாசி இருந்தது. அதாவது மாற்றுக் குறைந்த காசு. கடைக்காரர் வட்டங்கேட்டுப் பேரம் பேசியதிலே நேரம் போயிற்று. அப்பருடைய காசு ஏன் குறையற்றதாய் இருந்தது? அவர் உழவாரம் பிடித்துக் கையால் தொண்டு செய்தவர் என்பதே பெரியபுராணம் தரும் விளக்கம். பிறகு பிள்ளையார் வாசி தீர்த்தருளும்படி பதிகம் பாட, நற்காசே கிடைத்தது. பக்தியோடு இதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும், கையால் உழைத்தவனுக்கு மாற்றுக் குறையாத காசு என்ற அந்த ஒரு வரிச் செய்தியை எத்தனை முறை கேட்டும் உட்பொருள் விளங்காதிருந்தோமே என்று இப்போது வியக்கின்றோம்.

'படி' என்ற அச்சொல் இன்றும் வழக்கில் உள்ளது. பயணப்படி என்கிறோம், வாழ்க்கைச் செலவுப்படி என்கிறோம். எங்கள் சிங்கள நண்பர்கள் சம்பளத்தைப் 'படி' என்றே வழங்குவர். அது தமிழிலிருந்து சென்ற சொல். கூலி என்பதையும் எம்மிடமிருந்து கொண்டு, வாடகைக்குக் 'குலிய' என்பர். நாமோ படியை உதிரிக் கொடுப்பனவுக்கு ஒதுக்கிவிட்டு, வழிச்சோற்றை முழுச் சம்பளமாக்கிக் கொண்டோம். சொற்கள் ஊர்மாறிக் குடியேறும்போது ஒன்றின் நாற்காலியில் மற்றது அமர்ந்துகொள்கிறது.

அப்படியானால் பழந்தமிழர் சம்பளத்தை என்னவென்று சொன்னார்கள்? திருக்குறளில் கூலி உண்டு, ஊதியமும் உண்டு. ஆனால் வள்ளுவரின் ஊதியம் இலாபமே. மாதமுடிவில் எண்ணித் தருவதன்று. இன்று பத்திரிகைகள் சம்பளத்தை ஊதியம் என்று எழுதுவது பிற்கால வழக்கு. சோழர் காலத்திலோ வேலைக்கு நிலம் விட்டார்கள். அதைச் சீவிதம் என்றார்கள். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியேற்றி, ஒருத்திக்கு ஒரு பங்கு என்று வகுத்தான். ஒரு பங்கு என்பது ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல். நட்டுவருக்கு இத்தனை பங்கு, சங்கூதுவோருக்கு இத்தனை பங்கு என்று கல்லிலே வெட்டியிருக்கிறார்கள். பெயர் பங்கு, ஆனால் விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் 100 கலம் 100 கலமே. நிலையான கொடுப்பனவுக்கு அவர்களிடம் தனிப்பெயர் இல்லாமல், ஏற்றத்தாழ்வுள்ள பங்கின் பெயரையே அதற்கு இட்டிருந்தார்கள்.

அதே சோழராட்சி எங்கள் கரைக்கும் வந்தது. மாதோட்டம் அப்போது இராசராசபுரம் என்று பெயர் பெற்றது. தாழிகுமரன் என்னும் சோழநாட்டு அதிகாரி அங்கே இராசராசேச்சரம் என்றொரு சிவன் கோயிலை எடுப்பித்து, நித்திய வழிபாட்டுக்கும் வைகாசி விசாகத் திருவிழாவுக்கும் வேண்டிய வருவாயை ஏற்படுத்தியதைச் சொல்லும் கல்வெட்டு கொழும்பு நூதனசாலையில் உள்ளது. மாதோட்டத்தில் கிடைத்த மற்றொரு கல்வெட்டு, திருவிராமீச்சரம் என்ற கோயிலில் விளக்கெரிப்பதற்காக, சங்கரபாடியார், வெற்றிலை வாணியர், வாழைக்காய் வாணியர் ஆகிய வணிகக் குழுவினரிடம் காசு ஒப்படைக்கப்பட்டதைக் கூறுகின்றது. முதல் அழியாது; அதன் பலிசையால் விளக்கு அணையாது எரியும். வெற்றிலையும் வாழைக்காயும் விற்றவர்களை நம்பி ஒரு கோயில் விளக்கை ஒப்படைத்திருந்தார்கள் என்பதை நினைக்கையில், அந்தத் துறைமுகத்துக் கடைத்தெரு எம் கண்முன்னே விரிகின்றது. இன்று அவ்விடத்தில் மேடும் புல்லுமே மிச்சம்.

போர்த்துக்கீசர் 1560ஆம் ஆண்டில் மன்னாரைக் கைப்பற்றினர், ஒல்லாந்தர் 1658இல். அவர்கள் தம் கீழிருந்த நாட்டு உத்தியோகத்தருக்குச் சம்பளத்துக்குப் பதிலாக நிலம் விட்டதும், அதற்கு 'அக்கொமொதெசான்' என்று வாய்க்குள் நுழையாத ஒரு பெயரிட்டதும் தனிக்கதை. சீவிதமே சட்டை மாட்டிக்கொண்டு வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் கரையில் நெடுங்காலம் ஆட்சி செய்தது சம்பளமன்று, பங்கே. முத்துக் குளிப்பை எடுத்துக் கொள்வோம். 1903 முதல் 1907 வரை மரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்புகளில், படகு கரைக்கு வந்ததும் சிப்பிகளைக் கொட்டுக்குக் கொண்டுபோய் மூன்று குவியலாக்குவர். அரசாங்க உத்தியோகத்தர் வந்து தமக்குப் பிடித்த இரண்டு குவியலைக் காட்டுவார். எஞ்சிய ஒன்று குளித்தவருக்கு. எந்தக் குவியல் தமக்கு மிஞ்சும் என்று தெரியாதாகையால் மூன்றையும் ஒரே அளவாக வைப்பதில் குளித்தவர்கள் மிகுந்த கண்ணுங்கருத்துமாய் இருப்பார்களாம். இதைவிட நேர்மையான தராசு ஏது? 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் எட்டுக் கோடியளவு சிப்பி எடுக்கப்பட்டு, அரசாங்கத்துக்கு ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா கிடைத்தது. குளித்தவரின் குவியலில் முத்து இருந்தால் அவனுக்கு அதிர்ஷ்டம். இல்லையேல் நாற்றமெடுத்த ஓடு.

அந்த 25 இலட்சத்தைக் கண்டு மயங்கிய ஒரு கம்பெனி, 1906ஆம் ஆண்டில், 20 ஆண்டுக்கு முத்துப் பார்களை அரசாங்கத்திடம் குத்தகை எடுத்தது. ஆண்டுக்கு 3,10,000 ரூபா கட்டவேண்டும். சிப்பி விளைந்தாலும் கட்டவேண்டும், விளையாவிட்டாலும் கட்டவேண்டும். 1907க்குப் பின் பார்கள் மலடாயின. கடலின் அடியில் சிப்பி இல்லை. கடுதாசியில் குத்தகை இருந்தது. சில ஆண்டுகளில் கம்பெனி கலைந்தது. நிலையான கொடுப்பனவு கொடுப்பவனை எப்படி அழுத்தும் என்பதற்கு எங்கள் கடல் காட்டிய உதாரணம் இது. வாங்குபவன் கவலையின்றி உறங்கலாம். அன்று உறங்கியவர் அரசாங்கத்தார்.

கரைவலையும் அவ்வாறே. செலவு கழித்து மிஞ்சியதைச் சம்மாட்டியும் இழுத்தவர்களும் பங்கிடுவர். வலை நிறைந்த நாளில் பிள்ளைக்குப் புதுச் சட்டை; வெறும்வலை வந்த நாளில் கடன். இப்படி வாழ்ந்த ஊரிலே மாதம் பிறந்தால் தவறாது வருகின்ற ஒரு தொகைக்கு எத்துணை மதிப்பு இருந்திருக்கும்! மாப்பிள்ளை பார்க்கும்போது 'சம்பளக்காரனா?' என்று முதற்கேள்வி கேட்கிறார்களே என்று இளைஞர் நாம் சிரிக்கிறோம். வெறும்வலையைக் கண்ட தலைமுறை அப்படித்தான் கேட்கும்.

இனிச் சொல்ல இருப்பது இச்சொல்லின் வரலாற்றில் எம்மை மிக வருத்திய பகுதி. 19ஆம் நூற்றாண்டிலே, தோணிகளில் தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள், காடு வழியாக மதவாச்சி, தம்புள்ளை கடந்து மாத்தளைக்குச் சுமார் 150 மைல் நடந்தார்கள். கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. வடபாதை என்று அவ்வழி பெயர் பெற்றது. தண்ணீரின்றியும், வாந்திபேதியாலும், காய்ச்சலாலும் ஆயிரக்கணக்கானோர் அப்பாதையோரத்திலேயே மாண்டார்கள். அவர்களுடைய கையில் என்ன இருந்தது? ஒரு சோற்று மூட்டை. அதுதான் சம்பளத்தின் ஆதிப்பொருள், வழிச்சோறு.

அந்தச் சோறு இலவசமன்று. கங்காணி ஊரிலேயே முன்பணம் கொடுத்தான். தோணிக்கூலி, வழிச்செலவு, சோறு எல்லாம் அவன் கணக்கில் ஏறிற்று. தோட்டத்தில் சேர்ந்த நாள் முதலே ஆள் கடனாளி. உழைத்துப் பெறவேண்டிய சம்பளத்திலே, வரும் வழியில் உண்ட சம்பளம் கழிக்கப்பட்டது. ஒரே சொல்லின் பழம்பொருள் புதுப்பொருளை விழுங்கிற்று என்று சொல்லலாம். அவன் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் தொகை எழுதிய துண்டு வேண்டும். புதிய துரை அக்கடனைக் கட்டி ஆளை எடுப்பான். துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வழிசெய்த சட்டம் 1927இல் வந்தது. அதன்படி 1929இல் மலைநாட்டில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்றாயிற்று. அத்தோடு ஒரு புசல் அரிசியின் விலை 4 ரூபா 80 சதத்துக்கு மேற்படக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. காசாகப் பேசினாலும் உள்ளே சோற்றுக் கணக்கே ஓடிற்று. 2021ஆம் ஆண்டில் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் அறிவித்தார்கள். அது வரும்வரை நடந்த பேச்சிலும் அரிசி, மா, தேங்காய் விலைதான் முன்னின்றது. சட்டப் புத்தகங்களில் அம்மக்களின் பெயர் 'கூலி' என்றிருந்த காலத்திலும் அவர்கள் தாம் பெற்றதைச் 'சம்பளம்' என்றே சொன்னார்கள். அதில் ஒரு தன்மானம் இருப்பதாக எமக்குப் படுகின்றது.

எமக்கு அப்படிப் படுவதற்கு வீட்டுக் காரணம் ஒன்று உண்டு. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத்தொடங்கியது 1914இல். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின், இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்குமாக 1984 வரை ஓடிற்று. எம் பாட்டனார் அத்துறையில் மூட்டை தூக்கியவர். கப்பல் வந்த நாளில் காசு. வராத நாளில் இல்லை. அவர் தம் வருமானத்தைப்பற்றிச் சொல்லும்போதெல்லாம் கூலி என்றே சொல்வார். அதே மேடையில் புகையிரதப் பகுதியில் வேலைபார்த்த அவர் தம்பியாரின் வருமானம் மட்டும் சம்பளம். "அவன் சம்பளக்காரன், நான் கூலிக்காரன்" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வார்த்தை. வருத்தமாகச் சொன்னாரா, வேடிக்கையாகச் சொன்னாரா என்று நாம் சிறுவராயிருந்தபோது கேட்டறியவில்லை. கப்பல் நின்றதும் கூலியும் நின்றது. சம்பளமோ தண்டவாளம் பெயர்ந்த பின்னும் ஓய்வூதியமாகத் தொடர்ந்தது. இரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள தூரத்தை எந்த அகராதியும் எமக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை.

இவற்றையெல்லாம் எழுதி முடித்தபின் ஓர் அச்சம் வந்தது. வாணி விழாவில் உரையாற்றிய பெரியவர் எமக்குத் தகப்பன் முறையானவர். எம்மைப் போன்ற பலருக்கு அரிச்சுவடி காட்டியவர். மலரில் அச்சேறிய பின் அவர் பார்த்து மனம் நோவதிலும், முன்கூட்டியே காட்டிவிடுவது மேல் என்று ஒரு பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனோம். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுவதையும் வாசித்தார். பிளினியின் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார். நாம் விறாந்தையில் விரலை நெரித்துக்கொண்டு இருந்தோம்.

"அப்ப உப்பு இல்லையெண்டு சொல்லுறீர்?" என்றார்.

"ஐயா, உப்பு கொடுத்திருப்பினம். சொல் அதிலயிருந்து வரேல்லை எண்டுதான்..."

அவர் தாள்களை மடித்து வைத்துவிட்டு, வெளியே சிறிது நேரம் பார்த்திருந்தார். பிறகு, தாம் முதன்முதல் வாத்தியார் வேலை கிடைத்து மலைநாட்டுக்குப் புறப்பட்ட நாளில், தம் தாயார் வாழையிலையில் புளிச்சோறு கட்டித் தந்ததையும், மதவாச்சிச் சந்தியில் புகையிரதம் மாறக் காத்திருந்த வேளையில் அதை அவிழ்த்து உண்டதையும், முதற் சம்பளம் கைக்கு வர மூன்று மாதம் ஆனதையும் சொன்னார். அந்த மூன்று மாதமும் அயல்வீட்டுத் தோட்டக் குடும்பம் ஒன்றே தமக்குச் சோறு போட்டதாம்.

"அதையும் எழுதும், தம்பி," என்றார். "ஆனா சம்பாவைப்பற்றி நான் பேசினதையும் வெட்டிப்போடாதையும். கைதட்டினது நீங்களும்தானே."

அவர் சொன்னபடியே இரண்டையும் எழுதியிருக்கின்றோம்.